மூன்றில் ஒரு பங்கு அப்பப்பா

1984 தை மாதத்து என் நாட்குறிப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: "பூங்காக் கோபுரம் பார்த்தேன். கீழ்த்தட்டு சுண்ணாம்புச் சாந்து, மேல்தட்டு சீமெந்து." அன்று பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்ததை எழுத மறந்துவிட்டேன்.

ஏற்பாடு இதுதான்: உடுவிலிலிருந்து அவர்கள் பூங்காவுக்குக் காற்று வாங்க வருவதுபோல் வருவார்கள். நான் அக்காவோடு கோபுரத்தடியில் தற்செயலாக நிற்பேன். யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. (பிடிக்காவிட்டால் இரு பக்கமும் மானத்தோடு வீட்டுக்குப் போகலாம்.) எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

"தம்பி, வாய் திறவாதை. சும்மா நிண்டால் காணும்," என்று அக்கா சொல்லியிருந்தாள்.

நின்றேன். ஆனால் கோபுரம் சும்மா விடவில்லை. எண்கோண அடித்தளம், கூர்வளைவு யன்னல்கள். மேலே போனால் வளைவெல்லாம் அரைவட்டம், உச்சியில் வெங்காயம்போல ஒரு குமிழ். பையில் அளவு நாடா இருந்தது (எப்போதும் இருக்கும்). வெள்ளை வேட்டியோடு முழங்காலில் நின்று அளக்கத் தொடங்கினேன்.

"தம்பி, உது எங்கடை அப்பப்பா கட்டினது. அடியிலையிருந்து உச்சி மட்டும்," என்றது பின்னால் ஒரு பெரியவரின் குரல்.

"இருக்காது ஐயா," என்றேன், திரும்பாமலே. "இது ரெண்டு காலத்து வேலை. அவர் மேல்தட்டைக் கட்டியிருக்கலாம்."

"அப்ப எங்கடை அப்பப்பா அரைவாசிதான் எண்டுறீர்?"

அக்கா இருமினாள்.

"அரைவாசியும் வராது. உயரத்திலை மூண்டிலை ஒரு பங்கு."

அக்கா இன்னும் பலமாக இருமினாள்.

"தொண்டைக்கு என்னக்கா, தண்ணி வேணுமோ?" என்று திரும்பினேன். பெரியவருக்குப் பின்னால் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து, தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து, "மேல்தட்டும் வடிவுதான்," என்று ஆறுதல் சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

"தகப்பனுக்கு உம்மிலை சரியான கோவம். ஆனா பிள்ளை ஓமெண்டிட்டுது. அப்பாவுக்கு மறுத்துக் கதைக்க அந்த வீட்டிலை ஒரு ஆள் வேணுமாம்."

ஆவணியில் கலியாணம். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைக் குறையில் விட்டால், "மூண்டிலை ஒரு பங்கு அப்பப்பா," என்பார்கள். மாமா சாகும்வரை என்னை "மேல்தட்டு மருமகன்" என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

அந்த மேல்தட்டையாவது அவருடைய அப்பப்பா கட்டினாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.