இங்கிருந்தே முடித்துவிடுபவர்

யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்து எச்சரிக்கிற மலேசியாவின் ஜொகூரில், இந்த ஜீவனுக்கு மட்டும் ஏன் ஒரு பலகையும் இல்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். இவர் பெயர் இங்கிருந்தே முடித்துவிடுபவர். ஸ்கூடாய் உணவகங்களில், சுவரில் மின்சாரப் பிளக் இருக்கும் மேசையில், மடிக்கணினிக்கு ஒரு பக்கம் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக், மறு பக்கம் பரோட்டாவின் தம்பியான ரொட்டி சானாய் வைத்துக்கொண்டு, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கருவிக்கு வைத்தியம் பார்ப்பார். நேரில் போகக் கூடாதா? கேட்டுப் பாருங்கள்.

"இதுக்குப் போயி அவ்ளோ தூரமா? இங்கேருந்தே முடிச்சிடலாம் லா."

எனக்குத் தெரிந்த உருப்படி கமலநாதன். உலு திராமில் ஒரு மீன் குளிர்கிடங்கை இணையத்தோடு இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் பிஜிபி அமைப்பது அவர் பொறுப்பு. பிஜிபி வேறொன்றுமில்லை, வேலியோரப் பேச்சு. கிடங்கின் ஸ்விட்ச், இணைய நிறுவனத்தின் கருவியிடம் "இன்னின்ன முகவரிகள் என் வீட்டில் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என்னிடம் அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வதை நிறுத்தினால் உலகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு வீடே இல்லை.

ஒரு நாள், கிடங்கு எப்போதோ காலி செய்த பழைய முகவரி ஒன்றை நீக்க வேண்டியிருந்தது. "இதைச் சொல்லாதே" என்று ஒரு வரி எழுதினார். "மற்றதையெல்லாம் சொல்" என்று அடுத்த வரியும் எழுத வேண்டும். எழுதாததையெல்லாம் தடை என்றே எடுத்துக்கொள்வது ஸ்விட்சின் சுபாவம். கமலநாதன் எழுதவில்லை. ஆனால் சேமித்தார். சோதிப்பதற்கு முன்பே சேமித்துவிடுவது இந்த இனத்தின் வழிபாட்டு முறை. பிறகு மாற்றம் செல்லுபடியாகும்படி ஆணையிட்டார்.

ஸ்விட்ச் வாயை மூடிக்கொண்டது. அவர் உள்ளே போய் வந்த வழியும் அதோடு மூடிக்கொண்டது.

கிடங்கிலிருந்து கஸ்தூரி அழைத்தார். சிங்கப்பூர் போகும் லாரிகளுக்கு எல்லை தாண்டும் பெர்மிட்டை இணையத்தில் அனுப்புவது அவர் வேலை.

"அண்ணே, லைன் போச்சு. பெர்மிட் பாதியில நிக்குது. வாசல்ல ஐஸ் போட்ட மீனோட லாரி நிக்குது."

"உங்க பக்கம் யாராச்சும் கேபிளப் புடுங்கிட்டாங்களா பாரும்மா."

இந்த இனத்தின் முதல் நோயறிதல் எப்போதும் இதுதான்.

"யாரும் புடுங்கல. நீங்கதான் ஏதோ செய்யப் போறேன்னு மெசேஜ் போட்டீங்க."

"அது வேற. ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

செய்தார். சேமித்து வைத்த தவற்றை ஸ்விட்ச் ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவுகூர்ந்தது.

"அலமாக்," என்று மலாயில் ஐயோ போட்டார் கமலநாதன், மெதுவாக. "நான் நேர்ல வர்றேன். ரெண்டே நிமிஷம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

ஸ்கூடாயிலிருந்து உலு திராமுக்கு, மாலை நெரிசலில், இரண்டு நிமிடம். வாசலில் லாரி ஓட்டுநர் செபஸ்தியன் வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்ச நேரம் போனா மீனு அங்க போய்ச் சேராது, கருவாடுதான் சேரும்."

கஸ்தூரி யோசித்தார். தன் கைப்பேசியின் இணையத்தைக் கணினியில் இணைத்தார். பெர்மிட் போனது. லாரியும் போனது.

வெகு நேரம் கழித்து வியர்வையோடு வந்து இறங்கிய கமலநாதன், மடிக்கணினியிலிருந்து ஸ்விட்சுக்கு நேரடியாகக் கேபிளைச் செருகி, விட்ட வரியை எழுதி, நடந்ததைக் கேட்டறிந்தார். வெட்கப்பட்டாரா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பு கிடையாது.

"பாத்தீங்களா, மெயின் லைன் போனாலும் உங்க வேலை நிக்கல. இதத்தான் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்."

அறிக்கையிலும் அப்படியே எழுதினார். முதலாளி பாராட்டினார்.

சிரிக்கிறீர்கள். சரி. இதைப் படித்தபோது, நம் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் பழசாகிவிட்டதே, ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? கை அதற்குள் கைப்பேசிக்குப் போய்விட்டதா? தாராளமாக மாற்றுங்கள். பக்கத்து அறையில் உங்கள் மகள் ஆன்லைனில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள்.