புள்ளி வைத்துப் போட்ட தேனிலவு

என் மனைவிக்கு ஒரு மாபெரும் பரிசு தருவதாகச் சொல்வது என்று சென்ற வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு முந்தின வாரம் முடிவெடுத்தேன். அதைக் கேட்டதும் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

என் பெயர் கஜேந்திரன். யானை பெயரில் மட்டும்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பெயின்ட், பைப், ஆணி விற்கிற கடை வைத்திருக்கிறேன். பைப் விற்கிறவனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் நடக்குமா? அதனால் யாரிடமும் சொன்னதில்லை. நான் டயகமவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் மழையாக மேலேயிருந்து வரும், இல்லாவிட்டால் மலையிலிருந்து பீலி வழியாக ஊற்றும். வந்த வேகத்தில் கீழே போய்விடும். ஒரே இடத்தில் அகலமாகக் கிடந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிற தண்ணீர் எனக்குப் பழக்கமில்லை. ஒருமுறை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது கூட வந்தவர்கள் காலிமுகத்திடல் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். ஓர் அலை வந்து என் வலது காலைத் தொட்டது. கேட்டது கிடைக்கட்டும் என்று அந்தச் செருப்பை அதற்கே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணமானது நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்தில். மாப்பிள்ளையும் பெண்ணும் திருகோணமலைக் கடற்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அவளுடைய அண்ணன்மார் ஏற்பாடு செய்திருந்தார்கள். டீசல் இல்லை என்று வேன்காரர் கையை விரித்துவிட்டார். தேன் இருந்தது, நிலவும் இருந்தது, வேன்தான் இல்லை. இலங்கையில் அன்று டீசல் இல்லாததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

என் மனைவி சுதர்ஷினி தலவாக்கலையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. அதே வருஷத்தில் சாமான் இறக்க வழியில்லாமல் நான் கடையை மூடிப்போட்டிருந்த அந்த மாதங்களில் அவளுடைய சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது பேசிச் சரிக்கட்டியிருப்பேன். ஒன்றுமே சொல்லாதவளை என்ன செய்வது? வருஷத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளன்று, கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கிற மாதிரி மெதுவாக ஒன்று கேட்பாள். “என்னங்க, அந்தத் திருகோணமலை?”

அடுத்த வருஷம் பார்ப்போம் என்பேன். மூன்று அடுத்த வருஷங்கள் போய்விட்டன. நாலாவதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓட்டுகிற பத்திநாதன் அண்ணனிடம் யோசனை கேட்டேன். பயத்தை மறைத்து, செலவைக் காரணமாகச் சொன்னேன். அவர் தன் வீட்டு அனுபவத்தைச் சொன்னார். தெரேசா அக்கா மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று ஆரம்பித்தால், இவர் உடனே ரோமாபுரிக்கே போவோம் என்பாராம். இவ்வளவு செலவா என்று அக்கா பதறுவார். அந்தப் பதற்றத்தில் ரோமாபுரியோடு மடுவும் போய்விடும்.

“பெருசாச் சொல்லுங்க தம்பி” என்றார். “சின்னச் செலவுன்னா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பெரிய செலவுன்னா அவங்களே வேணாம்பாங்க.”

கல்யாண நாளன்று ராத்திரி ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் திருகோணமலை என்று வாயெடுக்கும் முன்னே நான் முந்திக்கொண்டேன். திருகோணமலையெல்லாம் நமக்கு எதற்கு, மாலைதீவுக்குப் போவோம் என்றேன். கடல்மேலேயே கால் ஊன்றிக் கட்டிய வீடு, கண்ணாடித் தரை, படுத்துக்கொண்டே பார்த்தால் கீழே மீன் போகும் என்று விளம்பரத்தில் பார்த்ததையெல்லாம் அடுக்கினேன். சொல்லும்போதே எனக்கு உள்ளங்கால் கூசியது.

அவள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். வேண்டாம் என்ற சொல் வரும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிங்க. எப்ப போறோம்?” என்றாள்.

பத்திநாதன் அண்ணன் இந்தப் பதிலுக்கு எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தேன். கடன் அட்டையில் சாமான் வாங்கினால் புள்ளி சேரும், அதை விமானச் சீட்டாகவும் விடுதி அறையாகவும் மாற்றலாம் என்று வங்கியிலிருந்து அடிக்கடி குறுஞ்செய்தி வரும். அதைப் பிடித்துக்கொண்டேன். காசு கொடுத்துப் போகிறவன் முட்டாள், புள்ளி சேர்ந்ததும் போவோம் என்றேன். கையோடு தொலைபேசியைத் திறந்து, இருக்கிற புள்ளியையும் வேண்டிய புள்ளியையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே இந்து சமுத்திரமே கிடந்தது. என் கணக்குப்படி எங்களுக்குப் பேரன் பிறக்கிற சமயத்தில் போய்ச் சேரலாம்.

அவள் அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கணக்கு டீச்சர் அப்படிப் பார்த்தால் அது நல்லதல்ல என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

“மலைக்கு ஒரு துணைக்கால் போட்டா மாலை. அவ்வளவு தூரந்தான்” என்று சொல்லிவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து வேட்டை ஆரம்பமானது. அவளோடு படிப்பிக்கும் டிலுக்ஷி டீச்சர் ஃபிரிட்ஜ் வாங்கினார். காசு அவருடையது, அட்டை என்னுடையது. அவர் காசை இவள் கையில் கொடுப்பார், இவள் அட்டையை நீட்டுவாள், பிறகு அந்தக் காசை அப்படியே வங்கியில் கட்டிவிடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. புள்ளி மட்டும் எங்களுக்கு. பத்திநாதன் அண்ணன் ஓட்டோவுக்கு டயர் போட்டார், புள்ளி வந்தது. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாங்கினார்கள், புள்ளி வந்தது. அக்கரப்பத்தனையில் யாரோ கூரைத்தகடு மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவள் பஸ் ஏறிப் போனாள். நான் விற்க வைத்திருந்த கூரைத்தகடு என் கடையிலேயே கிடந்தது. என் அட்டையை என் கடையில் போட முடியாது என்பதால், அந்த ஆளை அவள் எதிர்க்கடைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

ஹட்டன் கடைத்தெருவில் என்னைப் பெரும்புள்ளி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானோ இதற்கு எப்படி முற்றுப்புள்ளி வைப்பது என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். இதில் தெரேசா அக்கா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ரோமாபுரிக்கு எத்தனை புள்ளி என்று சுதர்ஷினியிடம் விசாரித்தார். அதற்குப் பிறகு பத்திநாதன் அண்ணன் என்னோடு பத்து நாள் பேசவில்லை.

புள்ளி பாதிக்கு மேல் ஏறியபோது நான் ஒரு காரியம் செய்தேன். சேர்ந்த புள்ளிக்குச் சாமானும் எடுக்கலாம் என்று வங்கியின் இணையப் பக்கத்தில் படங்கள் போட்டிருந்தார்கள். இருந்ததிலேயே அதிகப் புள்ளியை விழுங்குகிற ஒரு பெரிய சோற்றுக் குக்கரைத் தெரிவுசெய்து பொத்தானை அமத்திவிட்டேன். கல்யாண வீட்டுக்கே சோறு வடிக்கலாம் போன்ற குக்கர். இனி பல வருஷத்துக்குக் கவலையில்லை என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

குக்கர் வந்த அன்று அவள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். உனக்குச் சமையல் கஷ்டமாக இருக்கிறதே என்று தடுமாறிச் சொன்னேன். ரொம்ப நன்றிங்க என்றாள். அவ்வளவுதான். மறுநாள், மூடியின் ஓரத்தில் நெளிவு இருந்ததாம், வங்கிக்கு எடுத்துச் சொன்னாளாம். அவர்கள் குக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, போன புள்ளியையும் கொடுத்து, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று மேலதிகமாகக் கொஞ்சம் புள்ளியும் போட்டுக் கொடுத்தார்கள். என் கையாலேயே நான் மாலைதீவைப் பக்கத்தில் இழுத்துவிட்டிருந்தேன்.

ஓகஸ்ட் விடுமுறைக்குள் புள்ளி நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் அவளே பதிவுசெய்தாள். நான் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, என் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஹட்டனில் ரயிலேறினோம். மலை இறங்க இறங்க என் உயிரும் கூடவே இறங்கியது. விமானத்தில் அவள் ஜன்னலோரம். வாழ்க்கையில் முதல்தரம் பறக்கிறாள். தேயிலைக் கொழுந்து வாடை இல்லாத காற்று இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். கீழே நீலமாகத் தெரிகிறது பாருங்க என்று என் தோளைத் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டே அழகாக இருக்கிறது என்றேன். விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் படகில் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் அதில் இருந்தேன் என்பதற்கு, படகுக்காரரின் கையில் என் நகம் பதிந்த அடையாளம்தான் சாட்சி.

கரையில் இறங்கியதும் கடல்மேல் வரிசையாக நிற்கிற அந்த வீடுகளைக் கண்டேன். விளம்பரத்தில் கண்டதைவிட அவற்றின் கால்கள் மெல்லியவையாக இருந்தன. எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த பையன் அந்தப் பக்கம் திரும்புவான் திரும்புவான் என்று நடுங்கிக்கொண்டே போனேன். அவன் திரும்பவில்லை. தென்னைகளுக்கு நடுவே, தீவின் வயிற்றுப் பகுதியில், பூச்செடி சூழ்ந்த ஒரு வீட்டின் கதவைத் திறந்தான். தரை நல்ல கெட்டித் தரை. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் கடல் தெரியவில்லை. ஏதோ பிசகு நடந்து எனக்கு இந்த யோகம் அடித்திருக்கிறது என்று நினைத்தேன். சுதர்ஷினி முகம் வாடிவிடுமோ என்று பார்த்தேன். அவள் பாட்டுக்குப் பெட்டியைத் திறந்து துவாயை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அவள் கடலில் குளித்தாள். பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அந்த விறைப்பெல்லாம் போய், அலைக்குள் விழுந்து எழுந்து சிரித்தாள். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். அப்படியொரு சிரிப்பை நான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம், வந்தது வரட்டும் என்று, நானாகவே கணுக்கால்வரை தண்ணீருக்குள் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தண்ணின்னா பயம்னு எனக்குத் தெரியுங்க” என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

“வேன் வராதுன்னு சொன்ன அன்னைக்கே. வீட்டுல எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்க மட்டும் ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க.”

அப்படியானால் குக்கர்? அதுவும் தெரியுமாம். மூடியில் நெளிவே இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். ஃபிரிட்ஜ் வாங்க இன்னும் எத்தனையோ டீச்சர்மார் இருக்கிறார்கள் என்றாள். கடல்மேல் வீட்டுக்குப் புள்ளி போதுமானதாக இருந்ததாம். என் முகத்தை நினைத்துப் பார்த்துவிட்டு, கடல் தெரியாத அறை எது என்று தேடிப் பிடித்து அவள்தான் பதிவுசெய்திருக்கிறாள். விடுதிக்காரர்களே மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்தினார்களாம். அங்கே அப்படி யாரும் கேட்பதில்லையாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் என்னை இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்டேன். ஓர் அலை வந்து எங்கள் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகிறவரை காத்திருந்தாள்.

“நீங்க கூப்பிட்டீங்க. நான் வேணாம்பேன்னு நெனச்சுத்தான் கூப்பிட்டீங்க, அதுவும் தெரியும். ஆனா நம்ம பக்கத்துல பொய்க்காவது மாலைதீவுக்குன்னு ஒரு பொண்டாட்டிய யாரு கூப்பிட்டிருக்கா? எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. அப்புறம் புள்ளியப் பார்த்தேன். அது சேரக்கூடிய கணக்காத்தான் இருந்துச்சு.”

நான் அவள் கையை விடவில்லை. கடை மூடிக்கிடந்த மாதங்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லவேண்டும் என்று நெஞ்சு முட்ட நினைத்தேன். அது எனக்கு வராது. அதற்குப் பதிலாக, மலிவு அறை எடுத்ததில் மிச்சப் புள்ளி இருக்குமே, அதை என்ன செய்தாய் என்று கேட்டுவைத்தேன். காலையில் தெரியும் என்றாள்.

காலையில் விடுதியின் நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பயிற்றுநர் நின்றார். அவரைச் சுற்றி ஏழெட்டு வெள்ளைக்காரக் குழந்தைகள். அவர் என் பெயரைச் சிரமப்பட்டு வாசித்து, வாத்துப் படம் போட்ட இரண்டு காற்றுப் பைகளை என் புஜங்களில் மாட்டிவிட்டார். நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

பெரியவர்கள் வகுப்புக்குப் புள்ளி பத்தவில்லையாம்.