குழாயைக் கழித்து வாங்கிய கேமரா

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இன்று கை வரவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா என்பதை மட்டும் தெரியப்படுத்தவும்.

நான் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். தொலைவில் இருக்கும் மகள் "அம்மா படம் ஒண்ணு தனியா வேணும்ப்பா" என்று நான்கு வருஷமாகக் கேட்கிறாள். எல்லாப் படத்திலும் உங்கள் தங்கை யாருடைய தோளுக்கோ பின்னால் அரை முகமாகத்தான் இருப்பாள். கேமராவைக் கண்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிடுவாள். கெஞ்சிக் கூத்தாடியதில், ஒரே ஒரு தடவை, அதுவும் நான் எடுத்தால்தான் என்று சம்மதித்தாள். அதற்காகவே என் வாழ்நாளின் முதல் கேமராவை வாங்கப் போனேன். எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் லாரியின் எடையைக் கழித்துச் சரக்கை மட்டும் எழுதியவன் நான். கடைக்காரப் பெண் எடுத்து வைத்த ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் ஒரு குழாய் துருத்திக்கொண்டிருந்தது. சும்மா தலையில் கட்டும் சாமான் என்று எனக்குப் பட்டது. "அந்தக் குழாயைக் கழட்டிட்டுக் கையில குடும்மா" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானதைத் தேர்ந்தெடுத்தேன். "லென்ஸ் வேண்டாங்களா சார், வீட்ல இருக்கா?" என்றாள். லென்ஸ் என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "அதெல்லாம் இருக்கு" என்றேன். பெரிய கைகாரர் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நின்று பையைக் கொடுத்தாள்.

சாயங்காலம் உங்கள் தங்கை நீலப் புடவை கட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். திரும்பு என்றால் திரும்பினாள், சிரி என்றால் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை மச்சான். கேமராவில் இருட்டாகத்தான் தெரிந்தது. நான் ஃபிலிம் காலத்து ஆள், கழுவினால் வெளிச்சம் வந்துவிடும் என்று அறுபது படம் எடுத்தேன். மறுநாள் கடைக்குக் கொண்டுபோனால், அந்தப் பெண் முன்பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க வேணாம்னு சொன்ன குழாய்தான் லென்ஸ்" என்கிறாள். அறுபதும் அமாவாசை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு போச்சு. இனி ஜென்மத்துக்கும் உட்கார மாட்டாள். அவளிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை, கடைப் பெண் முகத்திலும் இனி விழிக்க முடியாது. ஆகவே உங்கள் ஊரில் இதற்குப் பொருந்தும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வந்து, இன்னொரு தடவை உட்காரும்படி நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும். அண்ணன் பேச்சை அவள் தட்ட மாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் பல்லாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனசு கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். "நீங்க பெட்டியைத் திறந்தப்பவே தெரியும். லென்ஸ் இல்லாததாலதானே நிம்மதியா உட்கார்ந்தேன். வேணும்னா நாளைக்கும் எடுங்க" என்கிறாள். மச்சான், லென்ஸ் வேண்டாம். மகளிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நாளைக்குப் பச்சைப் புடவையாம்.