காலிப்பருக்குச் சிவப்பு

பெரிய முடிவுகள் எல்லாம் எனக்குக் குளிக்கும்போதுதான் வரும். அன்றும் அப்படித்தான். தலை நிறைய சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, கழுத்தை மட்டும் நீட்டி அறிவித்தேன்.

"சனிக்கிழமை நம்ம கார் காலிப்பருக்கு நானே சிவப்புப் பெயின்ட் அடிக்கப்போறேன்!"

"முதல்ல தலைக்குத் தண்ணி ஊத்துங்க. சோப்பு கண்ணுக்கு இறங்குது," என்றாள் மனைவி.

காலிப்பர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார் சக்கரத்துக்குள் ஒரு இரும்புத் தட்டு சுற்றும். பிரேக்கை மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஒரு கிடுக்கி உண்டு. அதுதான் காலிப்பர். குடும்ப போட்டோவில் பின்வரிசையில் நிற்கிற சித்தப்பா மாதிரி. அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. அவர் முகம் மட்டும் யாருக்கும் நினைவிருக்காது.

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் காரில் அது சிவப்பு. சக்கரத்துக்குள்ளிருந்து லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு சிரிக்கும். தினமும் காலையில் அந்தக் கார் தெருமுனை திரும்பும்வரை டாக்டர் தன் கேட்டில் நின்று கண் கொட்டாமல் பார்ப்பார். பெருமை தாங்காமல் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சிவப்பை எனக்குச் சுட்டிக் காட்டியதே என் மனைவிதான்.

"அங்க பாருங்களேன், எவ்வளவு எடுப்பா இருக்கு! நம்ம வண்டியில எட்டிப் பார்த்தா ஒரே கரி."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு அரசியலையும் சொல்லியாக வேண்டும். காரை நான் மட்டும்தான் ஓட்டுவேன். என் ஆபீஸ் நாலு தெரு தள்ளி இருக்கிறது. நடந்தால் காருக்கு முன்னால் போய்ச் சேரலாம். அவளுக்கோ ஊரின் மறுகோடியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டிலும் நிற்க வேண்டும். லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள். சாவிதான் கிடைக்காது. கதைகளில் ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்குமே, அதுபோல என் உயிர் அந்தச் சாவிக்குள். குளிக்கும்போதுகூட சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

"ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"குடுக்கிறதுக்கு என்னம்மா? கிளட்ச் ஒரு மாதிரி. அது என் காலுக்குத்தான் கட்டுப்படும்."

"உங்களுக்குக் கட்டுப்படவும் உலகத்துல ஒண்ணு இருக்கே. சந்தோஷம்."

சனிக்கிழமை வந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பழைய போர்வையைத் தரையில் விரித்தாள். குடிக்கத் தண்ணீர் வைத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். நட்டைத் திருகினேன். நட்டுக்குப் பதில் சக்கரம் சுற்றியது. இன்னும் பலமாகத் திருகினேன். இன்னும் நன்றாகச் சுற்றியது.

"என்னங்க, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை லேசா லூஸ் பண்ணிக்கணுமாமே?"

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இறக்கினேன். "ஆமா, உனக்கு யார் சொன்னா?"

"எதிர்வீட்டு அக்கா."

அக்கா என்றால் டாக்டரின் மனைவி. அந்த அம்மாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. நட்டு கழன்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

உள்ளே ஒரே துரு. கம்பி பிரஷ் போகாத இடுக்குகளுக்காக ஒரு பழைய டூத் பிரஷ் கேட்டேன். உடனே வந்தது. தேய்த்தேன். எதிர் கேட்டிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

"தம்பி, ஓரமா நல்லாத் தேய்ங்க! அழுக்கு ஈறுக்கடியிலதான் ஒளிஞ்சிருக்கும்!"

தட்டில் பெயின்ட் பட்டால் பிரேக் வழுக்கும். அதனால் தட்டுக்கும் ரப்பர் குழாய்க்கும் பேப்பர் சுற்றி டேப் ஒட்டினோம். ஒட்டினோம் என்ன, அவள் ஒட்டினாள். நான் ஒட்டியது என் விரலில்தான் ஒட்டியது. மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. முன்சக்கரம் இரண்டும் முடிந்தன. வெற்றி வீரனாகப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். அங்கே காலிப்பர் இல்லை. கவிழ்த்து வைத்த சட்டி ஒன்று இருந்தது.

"யாரோ திருடிட்டாங்க!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. நம்ம வண்டிக்குப் பின்னாடி ட்ரம் பிரேக்குங்க. காலிப்பரே கிடையாது. இத்தனை வருஷமா உங்க காலுக்குக் கட்டுப்பட்ட வண்டிதானே?"

சட்டியை அப்படியே மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் டூத் பிரஷைக் காணவில்லை.

"நேத்து பழைய பிரஷ் கேட்டீங்களே? இந்த வீட்லயே பழசு உங்களோடதுதான்."

போகட்டும். விரலால் பல் தேய்த்துவிட்டுக் காரை எடுத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். கேட்டருகே நின்றிருந்தவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, என்ன அழகுங்க! சக்கரம் கிறுகிறுன்னு சுத்துது, சிவப்பு மட்டும் ஆடாம அசையாம அப்படியே நிக்குது!"

"அப்படியா? நிக்குதா?"

"ஓடும்போதுதாங்க அந்த அழகே. நீங்க பார்க்கலையா?"

எப்படிப் பார்ப்பது? நான்தான் உள்ளே இருக்கிறேனே! மறுபடி போனேன். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே தொங்கவிட்டு ஓட்டினேன். சிவப்பு தெரியவில்லை, குப்பைத்தொட்டி தெரிந்தது, அதுவும் மிக அருகில். போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். பாதிப் படம் குப்பைத்தொட்டி, மீதிப் பாதி என் மண்டை.

"டாக்டரைக் கொஞ்சம் ஓட்டச் சொல்லலாமா?"

"அவருக்கு இப்பல்லாம் பழக்கம் விட்டுப்போச்சாம்ங்க."

"அப்போ வேற யாராவது ஓட்டினாத்தான் உண்டு," என்று பெருமூச்சு விட்டேன்.

போர்வையை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, நிதானமாக மடித்தாள். அந்த நிதானத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"தெருமுனை வரைக்கும்தான். நீ ஓட்டேன்."

"வேணாங்க. கிளட்ச் ஒரு மாதிரி."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெதுவா விடு."

"என் காலுக்குக் கட்டுப்படாதே."

"கட்டுப்படும்மா! நான் சொல்றேன்ல!"

"பிறகு நீங்கதான் வற்புறுத்திக் குடுத்தீங்கன்னு நான் சொல்லுவேன்."

"சொல்லு! ஊரெல்லாம் சொல்லு!"

அவள் உள்ளங்கையை விரித்து, சாவியை வைத்து, விரல்களை நானே மூடினேன். ஏழு கடலையும் நானே தாண்டிப் போய்க் கிளியைப் பிடித்துக் கொடுத்த ராட்சசன் என்னைத் தவிர எந்தக் கதையிலும் கிடையாது.

கார் ஒரு குலுக்கல் இல்லாமல் வெண்ணெயாக நழுவிப் போனது. நான் கேட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஆகா! சக்கரம் சுற்றியது, சிவப்பு நின்றது. எழுந்து கை தட்டினேன். அவள் கையசைத்தாள். தெருமுனை வந்தது. கார் திரும்பியது.

திரும்பியது என்றால் அந்தப் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் திரும்பி வர மத்தியானம் ஆனது.

"பிரேக் அருமையாப் பிடிக்குதுங்க. லேப் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பஸ்ஸுக்கு ஆகிற நேரத்துல பாதிகூட ஆகல."

"கிளட்ச்?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"அக்கா வண்டியில ஓட்டிப் பழகினதுக்கு இது பஞ்சு."

திங்கட்கிழமை குளிக்கப் போனேன். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் சாவி இல்லை. ஈரத்தலையோடு வெளியே ஓடி வந்தேன். கார் உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னலை இறக்கினாள்.

"நீங்க ஓட்டினா உங்களால பார்க்க முடியாதேங்க. அவ்வளவு பாடுபட்டுப் பூசியிருக்கீங்க, பாவம். அங்கயே நில்லுங்க, முனையில உங்களுக்காக மெதுவாத் திருப்புறேன்."

நின்றேன். எதிர்வீட்டுக் காரும் கிளம்பியது. அதை ஓட்டுவது யார் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எதிர் கேட்டில் டாக்டர் வழக்கம்போல் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"இப்படி வந்து நில்லுங்க தம்பி. அங்கிருந்து முன்சக்கரம் சரியாத் தெரியாது."

போய் நின்றேன். உண்மைதான், அவர் பக்கத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது.