அமைதிச் சான்றிதழ் பெற்ற அறை

தையல்கார அக்காவுக்குப் பாட வரும் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவளுடைய தங்கை. இன்னொன்று தையல் மெஷின். பெடலை மிதித்தால்தான் அக்காவின் வாயில் பாட்டு வரும். கால் நின்றால் பாட்டும் நின்றுவிடும். தாயில்லாத தங்கையைத் துணி மூட்டை மேல் படுக்கப் போட்டு, தைத்துக்கொண்டே பாடித் தூங்கவைத்து வளர்த்தவள் அவள். பாட்டு யாரும் எழுதியதல்ல. சட்டைக் கை, காலர், பட்டன் என்று கையில் இருந்ததையெல்லாம் வரியாக்கிக்கொண்ட பாட்டு.

அந்தத் தங்கை இப்போது கடல் தாண்டிய ஊரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் நான்கு வாரம்.

"அக்கா, நீ பாடுவியே, அதை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அதைக் காதுல மாட்டிக்கிட்டுத்தான் பிரசவ அறைக்குள்ள போவேன்" என்றாள் போனில்.

அக்கா உடனே சரி என்றாள். அந்தச் சூட்டோடு போனிலேயே பாடி அனுப்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் அவள் மாடி வீட்டு ஹெட்போன்காரரிடம் யோசனை கேட்டாள். பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் விற்பவர். உயிர் வாழ்வது வீட்டு இசைப் பதிவுக்காக. குளிக்கும்போது மட்டும் ஹெட்போனைக் கழற்றுவார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"போன்லயா?" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இதை என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்குங்க. வெளியில சொல்லிடாதீங்க."

அவருடைய அறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. நடுவில் மூன்று மைக்குகள், மூன்றுக்கும் தூசி படாமல் உறை.

"எத்தனை பாட்டு பதிவு பண்ணியிருக்கீங்க தம்பி?"

"இப்பத்தான் அடிப்படையைக் கத்துக்கிட்டிருக்கேன். மூணு வருஷத்துல நானூறு வீடியோ பார்த்தாச்சு. மைக்கை எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்ங்கறதுல அறிஞர்களுக்குள்ள இன்னும் ஒருமித்த கருத்து வரலை. நீங்க முதல்ல ஆபீஸுக்குப் போங்க. தொடங்கறவங்களுக்கு அங்கதான் எல்லாம் தருவாங்க."

அவர் சொன்னது வீட்டு இசைப் பதிவு வழிகாட்டு அலுவலகத்தை. அங்கே அவளுக்கு 'கற்றல் வளங்களைக் கண்டறிவது எப்படி' என்ற கையேடு கிடைத்தது. நூற்றிருபது பக்கம். எந்தெந்தப் பட்டியல்களில் எந்தெந்தப் பட்டியல்களைத் தேடலாம் என்று மிகத் தெளிவாகப் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், 'மேலும் விவரங்களுக்கு இவ்வலுவலகத்தை அணுகவும்' என்றிருந்தது. அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"முதல் பாடம் எப்ப சார் கிடைக்கும்?"

"அமைதிச் சான்றிதழ் இருந்தா இன்னைக்கே வாங்கிக்கலாம்" என்றார் எழுத்தர். "சத்தமில்லாத அறையிலதான் சத்தத்தைப் பதியணும். விண்ணப்பம் மூணு பிரதி."

அமைதி ஆய்வாளர் மறுவாரம் வீட்டுக்கு வந்தார். தங்கமான மனிதர். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். கையில் ஓசை அளக்கும் பெட்டி. தான் வேலை செய்வதை உலகுக்குத் தெரிவிக்க அது நொடிக்கொரு தரம் 'கீக்' என்றது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எழுதினார்: 'அறையில் இனம் தெரியாத ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது.'

"சார், அது உங்க பெட்டி."

"பெட்டி அளக்கறதும்மா. அது எப்படிச் சத்தம் போடும்?"

அவர் சொன்னபடி கடிகாரம் நிறுத்தப்பட்டது. சொட்டும் குழாய்க்குத் துணி கட்டப்பட்டது. மின்விசிறி ஓய்வுபெற்றது. பிறகு அவர் பார்வை மெஷின் மேல் விழுந்தது.

"அது என் பொழப்பு சார்."

"பொழப்பைக் கொல்லைப்பக்கம் வெச்சுக்கலாமேம்மா."

மெஷின் கொல்லைக்குப் போனது. இரண்டாம் ஆய்விலும் 'கீக்'. மூன்றாம் ஆய்வன்று பெட்டியில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஆய்வாளர் நெடுநேரம் செவிமடுத்தார், முகம் மலர்ந்தது. மேற்படி அறை பூரண அமைதியுடையது எனச் சான்றளித்துக் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். மூன்று வாரம் ஓடியிருந்தது.

அவர் போகும் முன் அக்கா சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நிபந்தனை ஏழு: மேற்படி அறையின் அமைதியைக் குலைக்கும் எவ்வித ஒலியும் எழுப்பலாகாது. சார், அப்ப நான் எங்க பாடறது?"

"பாட்டு ஒலிதானேம்மா?"

"ஆமா."

"அப்ப வேற அறையில பாடிக்குங்க."

"அங்க ரெக்கார்ட் பண்ணலாமா?"

"அந்த அறைக்குச் சான்றிதழ் வாங்கினா தாராளமா."

"இதுவரைக்கும் எத்தனை பேர் பாட்டுப் பதிஞ்சிருக்காங்க சார்?"

ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டினார். "நாலாயிரத்து இருநூறு சான்றிதழ் குடுத்திருக்கோம். பாட்டுக்கு..." மறுபடியும் புரட்டினார். அவருக்கே கவலையாகிவிட்டது. "பாட்டுக்குப் பத்தியே இல்லையேம்மா."

அவர் போனதும் நிபந்தனையை மீறி அக்கா வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பெடல் இல்லாத கால் தரையில் சும்மா கிடந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தங்கை கேட்ட ஒரே ஒரு பொருளைக் கொடுக்க முடியவில்லையே என்று அந்தப் பூரண அமைதிக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் போன் அடித்தது. வலி முந்திக்கொண்டு வந்துவிட்டது. "அக்கா, பாட்டு எங்க அக்கா?"

அக்கா கொல்லைக்கு ஓடினாள். போனை மெஷின் பலகையில் சாய்த்து வைத்தாள். ஊசிக்குக் கீழே துணிகூட இல்லை. மிதித்தாள். சட்டைக் கை வந்தது, காலர் வந்தது, பட்டன் வந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது, காக்காய் கத்தியது. அந்தப் பக்கம் தங்கையின் கணவர் தன் போனை நீட்டி எல்லாவற்றையும் பதிந்துகொண்டார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் மகாராணி தூங்குகிறாளாம்.

பாட்டு போன் போனாகப் பயணம் செய்து தெருவுக்கே திரும்பி வந்தது. ஹெட்போன்காரர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"என்ன மைக் அக்கா?"

"போன்."

"பின்னாடி அந்தத் தாளம்?"

"மெஷின்."

மறுநாளே அவர் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்து இறங்கியது. பத்தே நாளில் தெருவில் ஒன்பது மெஷின்கள். எதிலும் ஒரு கைக்குட்டைகூடத் தைத்தபாடில்லை. எல்லோரும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகமும் சளைக்கவில்லை, விண்ணப்பத்தில் 'தையல் மெஷின் உண்டா? இல்லையெனில் காரணம்' என்று புதிய பத்தி சேர்த்தது.

அக்கா மெஷினை மறுபடி அறைக்குள் கொண்டுவந்து போட்ட அன்று அமைதி ஆய்வாளர் வந்தார். நிபந்தனை ஏழுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவரோ கண் சிவந்து, தூக்கமில்லாமல், வாசலிலேயே நின்றார்.

"எங்க வீட்ல ரெட்டைக் குழந்தைம்மா. உங்க பாட்டைப் போன்ல போட்டுப் பார்த்தேன், அப்பவும் ரெண்டும் தூங்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை பாடிக் குடுத்தீங்கன்னா..."

அக்காவுக்குக் குறும்பு வந்துவிட்டது. "விண்ணப்பம் எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பயபக்தியோடு எடுத்து நீட்டினார். மூன்று பிரதி. அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றாவதில் கையொப்பம் விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்த மாத்திரத்தில் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரு சுகம் ஓடியது. அவள் ஆயுளில் அனுபவித்திராத சுகம்.

"இதுல கையெழுத்து இல்லையே சார். சரி பண்ணிக்கிட்டுச் செவ்வாய்க்கிழமை வாங்க."

ஆய்வாளர் நன்றி சொல்லி நகர்ந்தார். அவருக்குப் பின்னால் ஹெட்போன்காரர் நின்றார். அவருக்கும் பின்னால் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு காகிதத்தோடு. அக்கா ஒரு முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள்.

அன்று பொழுது சாயும்வரை அவள் பெடலை மிதிக்கவே இல்லை. அறை, சான்றிதழில் கண்டபடியே, பூரண அமைதியாக இருந்தது.