நாலாவது மாடியின் புகார்

‘இந்த முகவரிக்கு இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம்’ என்று வந்திருந்த கடிதத்துக்கு என்ன பதில் அனுப்புவது என்று சட்டமன்ற உறுப்பினரின் செயலாளருக்குப் புரியவில்லை. கீழே பெயர் இல்லை. பழைய அடுக்ககம் ஒன்றின் முகவரி மட்டும்: நாலாவது மாடி, முதல் வீடு.

“பிறந்தநாள் வாழ்த்து, மாசச் செய்திமடல்னு நாமளும் ஓயாம அனுப்பறோம். பேசாம விட்டுடுங்க சார்” என்றார் தட்டச்சு செய்யும் அக்கா.

“மேடம் உத்தரவு தெரியும்ல? எந்த லெட்டர் வந்தாலும் மூணு நாள்ல பதில் போயாகணும்.”

போயிற்று. ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’

அடுத்த வாரமே இரண்டாவது கடிதம் வந்தது. ‘வேண்டாம் என்று சொன்னதற்கும் ஒரு கடிதமா?’

செயலாளர் உருக்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். சாதாரணத் தபால் மரியாதையாக இருக்காது என்று பதிவுத் தபாலில் அனுப்பினார். குறை தீர்ந்ததா என்று கேட்கும் படிவம், அலுவலக வழக்கப்படி, மறுநாள் தனி உறையில் போனது.

மூன்றாவது கடிதம் நேராக உறுப்பினர் பெயருக்கே வந்தது. ‘பதிவுத் தபால் வேறா? உங்களுக்கு இரக்கமே கிடையாதா?’

உறுப்பினர் குரலை உயர்த்துகிறவர் அல்ல.

“தேர்தலுக்கு எட்டு மாசம்தான் இருக்கு. ஓட்டு போடறவங்களை இப்படியா நோகடிக்கிறது?”

“மேடம், நான் பதில்தான்...”

“வெள்ளிக்கிழமைக்குள்ள, குறை தீர்ந்துச்சுன்னு அவங்க கையெழுத்தோட வாங்க. இல்லேன்னா திங்கட்கிழமை வராதீங்க.”

வெள்ளிக்கிழமை காலை செயலாளர் படிவத்தோடு படியேறினார். மூன்றாவது மாடியில் சற்று உட்கார்ந்து எழுந்தார்.

எந்த அலுவலகம் என்று அவர் சொன்னதும், கதவைத் திறந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

“மெம்பர் ஆபீஸா? உள்ள வாங்க தம்பி! உங்க லெட்டரெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். மன்னிப்புகூடக் கேட்டிருந்தீங்க, எதுக்குன்னுதான் தெரியல. நான் பெத்தது ரெண்டும் ஒரு வரி எழுதறதில்ல.”

“லெட்டர் வேண்டாம்னு நீங்கதானேம்மா எழுதினீங்க?”

“நானா? ஐயோ, நிறுத்திடாதீங்கப்பா!”

“அப்ப இதுல ஒரு கையெழுத்து...”

“எழுதாத புகாருக்கு நான் எப்படிக் கையெழுத்து போட முடியும்?”

செயலாளர் திங்கட்கிழமையை நினைத்தபடி படிவத்தை மடித்தார்.

பின்னால் படிக்கட்டில் பெருமூச்சு கேட்டது. தோளில் கனத்த பையோடு ஏறி வந்த தபால்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

“இப்படிக் குடுங்க சார், கையெழுத்து நான் போடறேன். எழுதினது நான்தான். நாலு மாடி, லிப்ட் கிடையாது.”