தேசிக்காய்ச் செடிக்கு வைத்த வாழைக்குலை

அம்பிட்டிய,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை ரத்தினம்மா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் உங்கள் மச்சான் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

என் வீட்டுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் அண்ணா. பதறாதீங்க, தேசிக்காய்ச் செடிதான், அந்த எலுமிச்சைதான். வெளியே வைத்தால் குரங்கு பிய்த்துப் போடுகிறதென்று உங்கள் மச்சான் சட்டியோடு தூக்கி வந்து, எங்கள் படுக்கை அறை சன்னலோரம் கதிரை போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார். விடிந்ததும், "என் ராசாத்தி, நல்லாத் தூங்கினியா?" என்று அதனிடம் கேட்கிறார். இத்தனை வருசத்தில் என்னிடம் கேட்டதெல்லாம் "தேத்தண்ணி எங்க?" மட்டும்தான். புதுச்சேலை கட்டிக்கிட்டு முன்னாடி போய் நின்னேன். "கொஞ்சம் தள்ளு, அதுக்கு வெயில மறைக்கிற"ன்னாரு. வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்க?

அந்த நேரம்தான் நீங்கள் கடையிலிருந்து அனுப்பிய வாழைக்குலை வந்தது. நீங்கள் குலை பழுக்கப்போடும் அறையில் அண்ணி மழைக்கு ஒதுக்கி வைத்த ரோசாச் செடி இலையெல்லாம் கொட்டி மொட்டையானதே, அது ஞாபகம் வந்தது. குலையைச் சாக்கில் சுற்றிச் சட்டிக்குப் பின்னால் மறைத்து, குளிருது என்று சன்னலையும் சாத்திவிட்டேன்.

பழம் மணக்க மணக்க இலை கொட்டத் தொடங்கியது. பச்சை இலைகூடத் தொட்டால் கழன்றது. எனக்கு உள்ளுக்குள்ள தீபாவளிதான். ஆனா அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? செடிப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துட்டாரு! விஞ்ஞான வாத்தியாரா இருந்தவராச்சே, எனக்குப் பாடம் வேற. "இலை ஒக்சின்னு ஒரு ஹோர்மோனைக் காம்புக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும் ரத்தினம். அது வர்ற வரைக்கும் பிடி விடாது. அது குறைஞ்சு எதிலீன் வாயு கூடினா, காம்படி இளகி இலை கழன்டு விழுந்துரும். பழுக்கிற பழத்திலருந்தும் அந்த வாயு வரும். நம்ம அறையில ஏது பழம்?" என்று கண் கலங்கினார். அவருக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்துச்சு. அதனால தப்பிச்சேன்.

அந்த இலை மாதிரி நானுந்தான் நாள் தவறாம தேத்தண்ணி அனுப்புறேன். உதிர்ந்த இலைக்குக் கண் கலங்குற மனுசன், என் தலைமுடி கொட்டுனதைப் பார்த்திருப்பாரா? ஆகவே அண்ணா, ஞாயிறு லொறியோடு வந்து அந்த மொட்டைக் குச்சியைக் கட்டுகஸ்தோட்டைக்கு, உங்கள் வீட்டுக்கே ஏற்றிப் போங்கள். அவளா நானா என்று இரண்டில் ஒன்று தெரியட்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோய்நொடியின்றி நல்லா இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
ரத்தினம்மா

பி.கு: கவர் வாங்க மறந்து இந்தக் கடிதம் மூன்று வாரமாக அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. இதற்கிடையில் அவர் தம்பி வீட்டுக் காதுகுத்துக்கென்று மாத்தளை போய் அங்கேயே தங்கிவிட்டார். குலையைக் குரங்குகளுக்குப் போட்டேன். பாவமாக இருந்ததால் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தினம் இரண்டு வார்த்தை பேசினேன். இன்று காலை பார்த்தால் துளிர் விட்டிருக்கிறது அண்ணா! நான் பேசி வந்த துளிர். நாளைக்கு அவர் வந்து, "என் ராசாத்தி"ன்னு அதைத் தொடட்டும், அப்புறம் இருக்கு. வருகிற ஞாயிறு லொறி கட்டாயம் வரட்டும். உங்கள் மச்சானை ஏற்றிப் போய்க் கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருங்கள்.